வரேன் என்று சொன்னவன்

வாசலில் கிடந்த கால்மிதி நனைந்திருந்தது. மழை இன்னும் தொடங்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்த எட்மண்டின் பாதம் சில்லிட்டது. குனிந்து பார்த்தான், இழைகளுக்குள் பொடி மணல். அஸ்தினாபுரத்தில் ஏது கடற்கரை மணல்? அத்தைதான் எதையாவது கொட்டித் தொலைத்திருப்பாள். கதவு வழக்கம்போல வெறுமனே சாத்தியிருந்தது.

இந்தக் கதவுதான் அவனுக்கு ஆகவே ஆகாது. அப்பாவின் தம்பி ஜெர்சன், விமானப்படையில் வயர்லெஸ் பார்த்தவன், எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்தில் வங்காள விரிகுடாவின்மேல் விமானத்தோடு காணாமல் போனான். அப்போது வயது இருபத்தொன்று. உடல் கிடைக்கவில்லை. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்க்கா' என்று சொன்னானாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஞானஜோதி அத்தை கல்யாணமும் செய்துகொள்ளாமல், இன்றுவரை கதவுக்குத் தாழ்ப்பாளும் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் வேறு. பிள்ளைகள் என்ன கணக்கைக் கற்றுக் கிழித்திருக்கும்!

நாளை ஞாயிறு ஆராதனையில் ஜெர்சனுக்கு நினைவு ஜெபம். எட்மண்டே போதகரிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டான். இன்றோடு இந்தக் கூத்து முடிய வேண்டும். பையிலிருந்து சந்தன மாலையை எடுத்து, ஹாலில் சீருடையோடு சிரிக்கும் சித்தப்பாவின் படத்துக்கு மாட்டினான்.

"உயிரோட இருக்கறவனுக்கு மாலை போடாதடா, எட்மண்ட்."

"வரேன்னு சொன்னா வந்துருவாங்களா அத்தை? பால்காரன்கூடத்தான் தினம் சொல்றான். சித்தப்பாவை மீன் தின்னு, அந்த மீனை நாம குழம்பு வெச்சுத் தின்னு எவ்ளோ காலம் ஆச்சு!"

அத்தை அவனுக்குப் பின்னால், சமையலறைப் பக்கம் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. உடனே கரண்ட் போனது. முதல் தூறலுக்கே பிடுங்கிவிடும் புண்ணியவான்களை எட்மண்ட் வாய்க்குள் திட்டிக்கொண்டிருக்கும்போதே, சமையலறையிலிருந்து, தண்ணீர் நிறைந்த பூட்ஸ் தரையில் அழுந்தி, விட்டு, மறுபடி அழுந்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. கூடவே உப்பும் பாசியும் எரிந்த எண்ணெயும் கலந்த ஒரு வாடை இருட்டோடு இருட்டாக ஹாலுக்குள் நுழைந்து அவன் மூக்கின் முன்னால் வந்து நின்றது. எலி, என்றது மனது. எலிக்கு எதற்குப் பூட்ஸ்?

அவன் காலில் ஏதோ தட்டுப்பட்டது. மாலை. நனைந்திருந்தது.

"அக்கா," என்றது ஒரு குரல். இளங்குரல். அந்தத் தொண்டைக்குள் தண்ணீர் கொப்புளித்தது.

"வந்துட்டியாடா தம்பி! உக்காரு, சோறு போடறேன்."

கிழவி குரல் மாற்றிப் பேசி நாடகம் போடுகிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எட்மண்ட் வாசல் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டான். பயம். வெட்கம்கெட்ட பயம். மனைவி ஜோசலின் பல்லாவரத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். பைக் சாவியைத் துழாவி எடுத்தான். பைத்தியக்கார வீடு, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. வாசற்படியில் கால் வைத்ததும், பேசக் கற்ற நாளிலிருந்து உள்ள பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது.

"போயிட்டு வரேன்."

"வா," என்றது அந்த இளங்குரல்.

தெருவில் முழங்காலளவு தண்ணீர். இந்த மழைக்கே! மழைநீர் வடிகால் கட்டிய லட்சணம் என்று காறித் துப்பினான். அடுத்த அடியில் இடுப்பளவு. பைக்கைக் காணோம். எதிர்வீட்டைக் காணோம். தெறித்த நீர் உதட்டில் பட்டது.

உப்பு.

கால் தரையில் பாவவில்லை. ஓர் அலை அவனைத் தூக்கி இறக்கியது. திரும்பினான். வீடு எங்கோ தூரத்தில், மெழுகுவர்த்தி ஏற்றிய ஒற்றை ஜன்னலாகத் தெரிந்தது. உள்ளே அத்தை தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே, எட்மண்ட் வந்தால் உட்காரும் நாற்காலியில், சீருடை சொட்டச் சொட்ட ஜெர்சன். அதே இருபத்தொரு வயது. எட்மண்ட் கத்தினான். வாய் நிறையத் தண்ணீர். அவர்கள் பேசுவது மட்டும் பக்கத்திலிருந்து கேட்பதுபோல் கேட்டது.

"எட்மண்ட் எங்கடா?"

"வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்க்கா."

"அப்ப வந்துருவான். தாழ்ப்பாள் போடாத," என்றபடி அத்தை தட்டில் மீன் குழம்பை ஊற்றினாள்.