தார்ப்பாய்க்கு அடியில் இருந்த இன்ஜின்

பழைய கார் எதைப் பார்க்கப் போனாலும் முதலில் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது பரிசோதகரின் வழக்கம். விற்பவர்களில் சிலர், ஆள் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான இன்ஜின் தன் நோயை மறைத்துக்கொள்ளும்.

அந்த வீட்டுக் கொட்டகையில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் ஜில்லென்று இருந்தது. நல்ல சகுனம்தான். ஆனாலும் அவர் மூக்கு ஒப்புக்கொள்ளவில்லை. சூடேறிய எண்ணெயின் வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. ஓடாத வண்டிக்கு ஏது அந்த வாடை?

வீட்டுக்கார அம்மாள் கதவோரம் நின்றாள். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. தொழிற்சாலையில் பூட்டிய அதே இன்ஜின் இருந்தால்தான் காரை வாங்குவேன் என்று ஒருவர் சொல்லியிருந்தார்; அதைப் பார்த்துச் சொல்லத்தான் பரிசோதகர் வந்திருந்தார். அம்மாளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

“வித்தா விக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும். இன்ஜினை மாத்தவே இல்லைன்னு கடைசி வரைக்கும் சொன்னார். மாத்திட்டு ஊரை ஏமாத்தினார்னு இப்போ பேசுறாங்க. அவர் பொய் சொன்னாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

பேசியது யார் என்று கேட்டார் பரிசோதகர். அவள் பக்கத்தில் நின்ற கொழுந்தனைப் பார்த்தாள்.

அண்ணன் போனபின் வண்டியைப் பார்த்துக்கொள்வதும் கொட்டகைச் சாவியை வைத்திருப்பதும் அந்தத் தம்பிதான். பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்ததும் ஓடி வந்திருந்தான். வலது கையில் கட்டு. வெந்நீர் கொட்டிவிட்டதாம். வாய் மட்டும் ஓயவில்லை.

“என்ன சார், என் டாக்டர்கூட என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.”

பரிசோதகர் சிரிக்கவில்லை. வழக்கம்போல் கடவுளை ஒருமுறை நினைத்துக்கொண்டு, விளக்கை இன்ஜின் எண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். எண், காரின் ஆவணத்தோடு பொருந்தியது. எண்ணுக்கு அடியில் இருந்த இரும்புதான் பொருந்தவில்லை. தொழிற்சாலை இயந்திரம் விட்டுப்போகும் மெல்லிய கோடுகள் அங்கே இல்லை. புதிதாகச் சவரம் செய்த கன்னம்போல் வழவழவென்று இருந்தது. யாரோ பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டு, இந்த எண்ணை அடித்திருக்கிறார்கள். ராவிய இடத்தில் இன்னும் துருகூட ஏறவில்லை.

அம்மாளின் முகம் வாடியது. “அப்போ அவர்…”

“கொஞ்சம் பொறுங்கம்மா.”

வாடை இப்போது அதிகமாகியிருந்தது. அவர் அதன் பின்னாலேயே போனார். கொட்டகையின் மூலையில், பழைய டயர்களுக்குப் பின்னால், தார்ப்பாய் மூடிய ஏதோ ஒன்று.

“அது ஏதோ லாரி இன்ஜின் சார். யார் போட்டதுன்னே தெரியாது. நான் தொட்டதுகூட இல்லை.” கொழுந்தனின் குரல் தேய்ந்தது.

பரிசோதகர் தார்ப்பாயை விலக்கினார். மரக்கட்டைகள் மேல் ஓர் இன்ஜின். பெட்ரோல் குழாய் இல்லை. மின்கம்பி இல்லை. பேட்டரி இல்லை.

உள்ளங்கையை வைத்தார்.

சூடாக இருந்தது.

காய்ச்சல்காரரின் நெற்றிபோல, உள்ளேயிருந்து வரும் சூடு.

கையை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. விளக்கை மட்டும் நகர்த்தினார். மெல்லிய கோடுகளின் மேல், காரின் எண் தெளிவாகப் பதிந்திருந்தது. அதுதான் அந்தக் காரோடு பிறந்த இன்ஜின்.

அம்மாளுக்கு அது புரியவில்லை. அவள் கண்ணில் பட்டது கொழுந்தனின் கைக்கட்டில் கசிந்த ஈரம்தான். ஐயோ, புண் சீழ் பிடிக்கிறதே என்று உள்ளே போய் மருந்து எடுத்து வந்தாள். வேண்டாம் அண்ணி, வேண்டாம் அண்ணி என்று அவன் பின்வாங்கியும், குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்துக் கட்டை அவிழ்த்தாள்.

உள்ளங்கை வெந்திருந்தது. வெந்த சதையில் எண்கள்.

கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாய்த் திரும்பிய எண்கள். பரிசோதகர் ஒவ்வொன்றாகப் படித்தார். மரக்கட்டை மேல் இருந்த அதே எண்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போன மாதம்தான் இன்ஜினைக் கழற்றிவிட்டு, வேறொன்றைப் பூட்டினானாம். பழையதைத் தனியாக வாங்க ஆள் காத்திருக்கிறாராம். கண்டுபிடித்தால் பழி அண்ணன் மேல் விழட்டும் என்று பேச்சையும் பரப்பினானாம். கொண்டுபோகத் தூக்கியபோதுதான், அது கையைப் பிடித்துக்கொண்டது.

“பிடிச்சுக்கிச்சு அண்ணி. விடவே இல்லை.”

பரிசோதகர் அம்மாளின் பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலைம்மா.”

அந்த நொடியே அவர் கைக்கடியில் இரும்பு குளிர்ந்தது.

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொழுந்தனை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. புண்ணில் மருந்தைத் தடவி, புதுத் துணியால் கட்டத் தொடங்கினாள்.

கிளிக்.

காரில் ஓட்டுநர் பக்கக் கதவு திறந்து, மெதுவாக மூடிக்கொண்டது. இருக்கையின் தோல் ஓர் ஆள் கனத்துக்கு அமுங்கியது. மறுபடி மேலே எழும்பும் என்று பரிசோதகர் பார்த்தார். எழும்பவில்லை.

பிறகு மறுபக்கக் கதவு திறந்தது.

கொழுந்தன் உட்கார்ந்திருந்த பக்கம்.

அம்மாள் தன் கையை அவன் தோள்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். “வேண்டாங்க,” என்றாள் மெல்ல. “நம்ம தம்பிதானே.”

கதவு திறந்தபடியே இருந்தது.