நாற்பத்தேழாம் காற்றாலையின் மூக்கு

"ஆடிக் காத்துல முப்பந்தல் வரைக்குமா? உங்க ரெண்டு பேரையும் கடல்ல வலை போட்டுத்தான் எடுக்கணும்!" எட்வின் சிரித்தான்.

பியூலா குனிந்து சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தாள். சித்தப்பா மகன் எட்வின் சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக் கொட்டகையில் அவள் அண்ணன் ஜெபராஜின் கியர் சைக்கிள் சங்கிலிப் பூட்டோடு நின்றது. மார்கழியில் துபாய்க்குக் கிளம்பும்போது ஜெபராஜ் பூட்டுச் சாவியை எங்கோ புதைத்துவிட்டு, தங்கையின் பதினேழாம் பிறந்தநாளில் பிரிக்கச் சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த நாள் இன்று. மாலை ஆறு மணிக்கு வீடியோ அழைப்பில் சாவியைக் காட்டினால் சைக்கிள் அவளுக்கு. இல்லையென்றால் எட்வினுக்கு.

சீட்டில் இவ்வளவுதான் இருந்தது: 'முப்பந்தல். 47-ஆம் காற்றாலை. மூக்கு பார்க்கும் திசையில் அறுபது எட்டு வை. வெள்ளைக் கல்லுக்கு அடியில்.'

காலை ஆறு மணிக்குத் திசையன்விளையிலிருந்து இரண்டு பழைய பள்ளிக்கூட சைக்கிள்கள் மேற்கே கிளம்பின. ஒன்றில் பியூலா, மற்றதில் அவள் தோழி இசக்கி. கேரியரில் களைக்கொத்தி, தண்ணீர், எட்டு இட்லி. போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது!

ராதாபுரம் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. செம்மண் பறந்து பல்லில் நறநறத்தது. மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. பியூலா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பனங்காடு கடலாகவும், பனைகள் பாய்மரங்களாகவும் தெரிந்தன.

"ஏட்டி, கனவு காணாத! என் பின் சக்கரத்த ஒட்டி வா!" இசக்கி கத்தினாள். "பத்து கம்பம் நான் முன்னால. அடுத்த பத்து நீ."

அப்படியே செய்தார்கள். முன்னால் போகிறவள் காற்றைக் கிழிப்பாள். பின்னால் வருகிறவள் அந்த மறைவில் மூச்சு வாங்குவாள். பத்து மின்கம்பத்துக்கு ஒருமுறை மாறினார்கள். ஒரு லாரி உரசுவதுபோல் கடந்தபோது காற்று ஒரு கணம் செத்து, மறுகணம் அறைந்தது. பியூலா சாலையோர முள்ளுக்குள் சாய்ந்தாள்! முழங்கையில் ரத்தம்.

"திரும்பிருவமா?" என்றாள் இசக்கி.

"எட்வின் மூஞ்சியில போய் முழிக்கவா? மிதிட்டி!"

நாற்பத்தேழாம் ஆலையை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. இறக்கைகள் சுழலும் அதன் மூக்கு மேற்கே மலையைப் பார்த்திருந்தது. அறுபது எட்டு வைத்து நடந்தார்கள். உடைமரப் புதர். கண்ணில் பட்ட கல்லையெல்லாம் புரட்டினார்கள். ஒரு தேள் மட்டும் கோபமாக வெளியே வந்தது. மணி இரண்டு.

"உங்க அண்ணன் நல்லா ஏமாத்திட்டான்ட்டி," என்று இசக்கி உட்கார்ந்துவிட்டாள். "காத்தும் எப்பப் பாத்தாலும் மூஞ்சியிலயே அடிக்கி. மார்கழியில சாத்தான்குளம் போனப்பவும் இப்படித்தான்."

பியூலா நிமிர்ந்தாள். "சாத்தான்குளம் நமக்கு எந்தப் பக்கம்?"

"வடகிழக்க."

"அப்போ வாடைக் காத்து அங்கேருந்துலா அடிச்சுது! காத்தாடி காத்தப் பாத்துதான நிக்கும்? அண்ணன் சீட்டு எழுதுனது மார்கழியில!"

துபாய் போவதற்கு முன் ஜெபராஜ் மூன்று மாதம் அந்த ஆலையில் மெக்கானிக்காக இருந்தான். உச்சியில், எந்திரப் பெட்டிக்குள் வேலை. உள்ளே இருக்கிறவனுக்கு முன்பக்கம் என்றால் எப்போதும் முன்பக்கம்தான். காற்றுக்கேற்பப் பெட்டியே திரும்பும் என்பதை எழுத மறந்துவிட்டான்.

ஆலையடிக்கு ஓடினார்கள். வடகிழக்கே அறுபது எட்டு. மொட்டைப் பனை, அதன் அடியில் வெள்ளைக் கல்! களைக்கொத்தி நாலாவது வெட்டில் 'டங்' என்றது. துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவுக்குள், பாலிதீன் சுற்றி, சாவி.

திரும்பும் வழியில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. துப்பட்டாவை இரு கையாலும் விரித்து இசக்கி பாய் கட்டினாள். அடுத்த நொடி சைக்கிள் வளைந்ததும் அலறிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தாள். காலையில் ஆறரை மணி நேரம் தின்ற சாலை, மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொட்டகையில் சங்கிலி அவிழ்ந்தது. கைப்பேசித் திரையில் ஜெபராஜ், "மேக்கயா போய்த் தோண்டுனீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஏழு மாதம் நின்ற சைக்கிளின் இரு டயரும் தரையோடு தரையாகக் கிடந்தன. எட்வின் போய்ப் பம்பை எடுத்து வந்தான்.

மறுநாள் காலை இசக்கி தன் பழைய சைக்கிளோடு வாசலில் நின்றாள். "இனி உன் வேகத்துக்கு நான் எங்க வர? நீ போ."

பியூலா கியர் சைக்கிளை அவள் முன்னால் கொண்டுவந்து மேற்கே திருப்பி நிறுத்தினாள்.

"பின்னால ஒட்டி வா. இனிமே முப்பது கம்பம் நான் முன்னால. அடுத்த பத்துதான் உனக்கு."