அடுக்களைச் சட்டம்

திருப்பூரில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் தண்ணீர் கேட்பார்கள். சாயப்பட்டறைக்காரர் வீடாக இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருப்பார்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் பட்டறையும் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். நாக்கில் ஏதாவது உறுத்தினால் காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிடுவார்கள்.

எல்லாம் அடுக்களைச் சட்டம் செய்த வேலை. பழைய சட்டங்களில் உப்பு இவ்வளவு, சாயம் இவ்வளவு என்று அளவுகள் இருந்தன. அளவுகளை ஏமாற்றுவதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா? புதுச் சட்டம் அளவையே தூக்கிப் போட்டுவிட்டது. பட்டறை வெளியே விடும் தண்ணீர் முதலில் முதலாளி வீட்டு அடுக்களைக்குப் போக வேண்டும். மிச்சம்தான் ஆற்றுக்கு. அந்த வீட்டுக்கு வேறு தண்ணீர் கிடையாது. கேன் வாங்கினாலும், பக்கத்து வீட்டில் ஒரு குடம் கேட்டாலும், வாசலில் பொருத்தியிருக்கும் நீர்க்காவலி மோப்பம் பிடித்துக் கூவிவிடும். அப்புறம் பட்டறைக்குப் பூட்டுதான்.

முதலாளிகள் முதல் வாரம் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றதும் ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போனார்கள். ஒரு தலைமுறையாக ‘முடியவே முடியாது’ என்று அவர்கள் சாதித்துக்கொண்டிருந்த விஷயம், வீட்டு ரசத்தில் நீலம் தெரிந்ததும் முடிந்துவிட்டது. சாயத்தைத் துகள் துகளாகப் பிடித்து மறுபடி தொட்டிக்கே அனுப்பும் மீள்சல்லடை பிறந்தது அப்படித்தான். இன்றைக்கு அந்தச் சல்லடையை உலகமே நம்மிடம் வாங்குகிறது. நொய்யல் ஆற்றில் மீன் துள்ளுகிறது.

கார்குழலிக்கு இதெல்லாம் போதவில்லை. கணவன் மதியழகனோடு சேர்ந்து பட்டறை நடத்தும் வேதிப் பொறியாளர் அவள். தண்ணீரே இல்லாமல் சாயம் ஏற்றும் பொறியைச் செய்ய வேண்டும் என்று ஏழு வருஷம் மல்லுக்கட்டினாள். கடைசியில் செய்தும் விட்டாள். அவளுடைய உலர்சாயப் பொறி, கரியமில வாயுவை அழுத்திப் பிழிந்து திரவம் போலாக்கும். அதில் சாயத்தைக் கரைத்துத் துணிக்குள் ஏற்றும். துணி ஈரமே படாமல் நிறத்தோடு வெளியே வரும். இனி அதற்கு, அடுக்களைச் சட்டத்தைக் காக்கும் நீர்மன்றத்தில் உரிமம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. கிடைக்காவிட்டால் அந்த ஏழு வருஷமும் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

திங்கட்கிழமை பொறியை முழுதாக ஓட்டினார்கள். சிவப்பேறிய பனியன் துணியைத் தொட்டுப் பார்த்து மதியழகன் அழுதே விட்டான். பழைய தொட்டிகளை நிறுத்திவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்கள். குழாயில் ஒரு சொட்டுகூட வரவில்லை. பட்டறை தண்ணீர் விட்டால்தானே வீட்டுக்கு வரும்? ஊருக்காக அத்தனை யோசித்தவள் தன் அடுக்களையை யோசிக்க மறந்திருந்தாள்.

“பாப்பாவுக்குப் பால்பவுடர் கலக்கக்கூடத் தண்ணி இல்ல குழலி. ஒரே ஒரு கேன் வாங்கிக்கலாமா?” என்றான் மதியழகன்.

“வாங்குனா நாளைக்கே பூட்டிருவாங்க. நீர்மன்றத்துல விலக்கு கேப்போம். மாலை போட்டுக் குடுப்பாங்க பாருங்க.”

அதுவரைக்கும் குடிக்க வேண்டுமே. பழைய தொட்டியை மறுபடி ஓட்டி, நாலு வெள்ளைத் துணியைச் சும்மா சாயத்தில் முக்கி, அந்தத் தண்ணீரைச் சல்லடையில் விட்டுச் சுத்தம் செய்து சோறு பொங்கினார்கள். அழுக்கே செய்யாத பொறியைக் கண்டுபிடித்தவள், குடிப்பதற்காகத் தண்ணீரை அழுக்காக்க வேண்டியிருந்தது. கார்குழலிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

விண்ணப்பத்தைப் படித்ததும் நீர்மன்ற ஆணையர் திருமேனி நேரிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார்.

“எங்களுக்குச் சட்டத்துல இருந்து விலக்கு வேணுங்க சார். இங்க கழிவே இல்லீங்க,” என்றாள் கார்குழலி.

“அம்மணி, கழிவே இல்லைன்னு சொன்னவங்களைத்தான் நாங்க தேடித் தேடிப் பிடிச்சுட்டு இருந்தோம். மழை வந்தாப் போதும், கமுக்கமாத் தொறந்து விட்டுருவாங்க.”

மண்ணுக்கடியில் இருக்கும் குழாயைக் காட்டும் நிலக்கண்ணாடியோடு அவர் மூலை முடுக்கெல்லாம் சுற்றி வந்தார். ஒன்றும் அகப்படவில்லை.

“நெசமாவே தண்ணி இல்லைங்க. அருமையான பொறி. உங்க வீட்டுக்கு ஊர்த் தண்ணி குடுத்தர்றோம். உரிமமும் இன்னைக்கே...”

மதியழகன் கையெடுத்துக் கும்பிட்டான். அந்த நேரம் பார்த்துப் பொறி ஒரு சுற்றை முடித்துக் கதவைத் திறந்தது. கூரைப் பக்கம் ‘புஸ்’ என்று சத்தம் கேட்டது. ஆணையர் அண்ணாந்து பார்த்தார்.

“அது என்னங்க?”

“வாயு அத்தனையும் மறுபடி பொறிக்குள்ளயே போயிருங்க. கதவு தொறக்கறப்ப கொஞ்சூண்டு மட்டும் கூரை வழியா வெளிய போகும். லேசாச் சாயத்தூள் இருக்கும். ஆனா அனுமதிச்ச அளவுல பாதிகூட இல்லீங்க,” என்றாள் கார்குழலி.

“அக்கம்பக்கத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்களா?”

“சோதிச்சுட்டேனுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“அப்பச் சரிங்க. தண்ணிக்குப் போட்ட சட்டத்தைக் காத்துக்கும் போட்டர்லாம். அந்தக் கூரைக் குழாயை உங்க வீட்டுக்கு இழுத்துருங்க. பாப்பா தூங்கற ரூமுக்குள்ள விட்டாப் போதும்.”

பாதிகூட இல்லை என்பதற்கான ஆதாரம் அத்தனையும் கார்குழலிக்குத் தலைகீழ்ப் பாடம். பாப்பா தூங்கும் அறைக்கு அதில் ஒன்றுகூடப் போதவில்லை. அவளுக்கு ஆணையர் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் இருக்கும்போதே, கூரைக் குழாயின் வாயில் எந்தச் சல்லடையை எப்படி மடித்து வைக்கலாம் என்று மனம் யோசிக்கத் தொடங்கியிருந்தது.

“குழாய் போடற ஆளை நாளைக்கே அனுப்பட்டுங்களா?” என்று கேட்டார் ஆணையர்.

“ஒரு வருஷம் டைம் குடுங்க சார்,” என்றாள் கார்குழலி.