நன்றிக் கடிதத்தின் முதல் பக்கம்

புதன், காலை 10.05.

கவரைப் பிரித்த மாணிக்கவேல் முதல் பக்கத்தைப் பாதிதான் படித்தார். உடனே போலீசுக்கு போன் போட்டார். ஆரணியில் இருபது பட்டுத் தறிகளுக்குச் சொந்தக்காரர். கோபத்தில் படிக்கிறவர்கள் பாதிதான் படிப்பார்கள்.

10.30. எஸ்.ஐ. தமிழ்ச்செல்வி முழுவதும் படித்தாள்.

'திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்கு அழைத்ததற்கு நன்றி. உங்கள் புதிய பார்டர் டிசைனைப் படம் எடுத்துவிட்டேன். பக்கத்தில் ஓடிய தறிகளின் சத்தத்தில் என் போனின் கிளிக் யார் காதிலும் விழவில்லை. வேலை தராவிட்டால் படம் வெளியே போகும்.'

இரண்டாம் பக்கத்தில் படிப்பு, அப்பா தறி நெய்பவர் என்ற விவரம், முகவரி, கையெழுத்து: பானுப்ரியா.

"அந்தப் பொண்ணுக்குத்தான் வேலைன்னு நேத்தே முடிவு பண்ணேன் மேடம். இப்ப கேஸ் போடுங்க. பன்னெண்டு மணிக்கு இன்னொரு பையன் வரான், வேலை ஆர்டரை அவன் கையில குடுத்துடுவேன்."

10.50. பானுப்ரியா வந்தாள். தமிழ்ச்செல்வி இரண்டாம் பக்கத்தை மட்டும் காட்டினாள்.

"கையெழுத்து உன்னுதா? இவரு டிசைன போன்ல படம் எடுத்தியா?"

"என்னுதுதாங்க. ரெண்டாவது பக்கத்துல போட்டேன். ஆனா படம் எதுவும் எடுக்கலைங்க. அன்னைக்கு வாசல்ல உடைச்ச பூசணிக்காய வேற மிதிச்சிட்டு, பயந்துகினே உள்ள போனேன்."

போனில் படம் இல்லை.

"அழிச்சிருப்பா" என்றார் மாணிக்கவேல்.

"கடிதத்த இங்க யாரு கொண்டாந்து குடுத்தது?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"நான் வேல செய்யற ஜெராக்ஸ் கடையில டைப் பண்ணேங்க. ஓனர் பாலு அண்ணன் பிரின்ட் எடுத்தாரு. கையெழுத்து போட்டு அவராண்டையே குடுத்துட்டேன். அஜித்குமாரும் இதே வேலைக்கு வந்தவர்தான். நேத்து அவருதான் தன்னோட லெட்டரோட என்னுதையும் சேத்து இங்க எடுத்துகினு வந்தாரு."

10.58. அஜித்குமார் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றான். ஊர் தேசூர். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"கவர் ஒட்டியிருந்துச்சா?"

"இல்லீங்க."

"பிரிச்சிப் பாத்தியா?"

"எனக்கு இந்த வேல வேணும் மேடம். அதுக்காக அடுத்தவங்க லெட்டரை நோண்ட மாட்டேன். திங்கட்கிழம நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதான் குந்திகினு இருந்தோம். அவங்க போனையே எடுக்கல."

"நல்லவன் வேஷமா?" என்றார் மாணிக்கவேல்.

தமிழ்ச்செல்வி சுவரில் இருந்த தினக்காலண்டரைப் பார்த்தாள். கிழித்த தாள்கள் ஆணியில் குத்தியிருந்தன. மேலிருந்து இரண்டாவது தாளைப் படித்தாள். "கிளம்புங்க, எல்லாரும்."

11.20. ஜெராக்ஸ் கடை. பாலு வெம்பாக்கத்துக்காரன். ஆரணிக்கு வந்து ஒரு வருஷம். கல்லாவிலும் மெஷினிலும் அவனே மாறி மாறி நின்றான்.

"பானு இல்லாம பேஜாரா இருக்குது மேடம். ஜல்தியா அனுப்பி வைங்க."

"இவரு தறி ஷெட்டுக்குப் போயிருக்கியா?"

"போன வாரம் பிரின்டர் குடுக்கப் போனேன். பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது. அவ்ளோ சத்தம்."

"திங்கட்கிழமயும் அவ்ளோ சத்தமா?"

"எப்பவும் அப்படித்தான?"

தமிழ்ச்செல்வி மாணிக்கவேல் பக்கம் திரும்பினாள். "திங்கட்கிழம எத்தன தறி ஓடிச்சி?"

"ஒண்ணுகூட இல்ல. அமாவாசை. அன்னைக்கு நெசவாளி தறியில உக்கார மாட்டான்."

"பானு தறிக்காரர் வீட்டுப் பொண்ணு. அஜித் ஊருக்குப் புதுசு, ஆனா அன்னைக்கு அங்க இருந்தான். ரெண்டு பேருமே ஓடாத தறியோட சத்தத்த எழுத மாட்டாங்க. வேற ஒரு நாள் போன ஆளுதான் எழுதுவான். முதல் பக்கத்த மட்டும் மாத்தினது நீதான், பாலு."

மேசையில் ஒருபக்கம் அச்சான வீண் தாள்கள், பின்பக்கத்தில் கணக்குப் போடுவதற்காக அடுக்கியிருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நான்காவது தாளின் மறுபக்கத்தில் பானுப்ரியா டைப் செய்த அசல் முதல் பக்கம் இருந்தது.

பாலு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அவ போயிட்டா கடைய யாரு பாப்பாங்க? அவரு கடுப்புல கிழிச்சிப் போட்டுடுவாருன்னு நெனச்சேன். போலீசுக்குப் போவாருன்னு நெனக்கல."

"என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியேண்ணா" என்றாள் பானுப்ரியா. அழவில்லை.

தமிழ்ச்செல்வி அந்தத் தாளை மாணிக்கவேலிடம் நீட்டினாள். அவர் சத்தமாகப் படித்தார்.

'அமாவாசையன்று தறிகளுக்கு ஓய்வு. அன்றும் எங்களுக்காக அறையைத் திறந்து வைத்ததற்கு முதல் நன்றி.'

"உருவி எடுத்த பக்கத்துல முதல் வரிய படிச்சிருந்தா நீ தப்பிச்சிருப்ப" என்றாள் தமிழ்ச்செல்வி.

11.50. அஜித்குமார் தேசூர் பஸ்ஸுக்கு நடந்தான்.

மாணிக்கவேல் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடும்மா."

பானுப்ரியா தலையசைத்தாள். இந்த முறை நன்றி சொல்லவில்லை.