மூச்சைப் பிடிங்க

ஸ்கேன் அறையில் இருந்தது மூன்று பேர்: படுக்கையில் பொன்செல்வி, இயந்திரத்தின் முன் டாக்டர் ஆனந்தவள்ளி, கதவோரம் பொன்செல்வியின் கணவன் வேல்சாமி.

ஐந்தருவியில் பழக்கடை போட்டிருக்கும் பொன்செல்விக்கு ஒன்றரை மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல். எட்டு கிலோ இறங்கிவிட்டாள். வயிற்றுக்குள் நெறி கட்டியிருக்கிறது, எதனால் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி இலத்தூர் டாக்டர் தென்காசிக்கு அனுப்பினார். என்னவென்று தெரிந்துவிட்டால் போதும் அவளுக்கு.

வெளியே சாரல் ஜன்னல் தகரத்தில் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க, ஏசிக் குளிரில் ஸ்பிரிட் வாடையும் முன்னால் படுத்துப்போன யாருடையதோ தைல வாடையும் கலந்து தொண்டையில் இறங்க, ஜெல் தடவிய கருவி அவள் தொப்புளைச் சுற்றி மெல்ல ஊர்ந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

பிடித்தாள்.

"பிடிங்கம்மா. அசையக் கூடாது."

"பிடிச்சேனே டாக்டர்."

"கடையில கூவுத வாயில்லா?" வேல்சாமி சிரித்தான். "அவளாவது, மூச்ச அடக்குததாவது!"

டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி பிடிக்கச் சொன்னார். பொன்செல்வி இம்முறை தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் எல்லாம் அசையாமல் நின்றிருந்தது. நடுவில் கருப்பாக ஏழு உருண்டைகள் மட்டும் நிற்கவில்லை. விரிந்தன. சுருங்கின. நிதானமாக, தூங்குகிறவர்களின் நெஞ்சைப் போல.

டாக்டர் கருவியை எடுத்துக் கொக்கியில் மாட்டினார்.

"சார், வெளிய வாங்க."

"எனக்கு வந்த சீக்கு டாக்டர். எங்கிட்டச் சொல்லுங்க."

"சும்மா கெடட்டி," என்றான் வேல்சாமி. அவன் கண் திரையிலேயே இருந்தது.

இருவரும் வாசலுக்கு வெளியே போய் நின்றார்கள். கதவு பாதி திறந்திருந்தது. கருவி அவள் உடம்பில் இல்லை. திரையில் படம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஓர் உருண்டை இரண்டாகப் பிரிந்தது. எட்டு. பிறகு ஒன்பது.

வெளியே டாக்டரின் தணிந்த குரல்.

"ஒரே கட்டில்லயா படுப்பீங்க?"

"ஆமா."

"பிள்ளைங்க?"

"ரெண்டு. அவ பக்கத்துலதான் படுக்கும்."

"இனி அவங்களைக் கிட்ட விடாதீங்க. தொத்திக்கும்."

பொன்செல்வி வயிற்றில் கை வைத்தாள். மூச்சை விட்டாள். உள்ளங்கைக்கு அடியில் அது மூச்சை இழுத்தது.

"ஏங்க."

இறங்கினாள். கால் கூசியது. தரை குளிர்ந்தது.

"ஏங்க, உள்ள வாங்க."

வேல்சாமி திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தான். கதவை இழுத்துச் சாத்தினான்.

"சாவியக் குடுங்க டாக்டர். நானே பூட்டுதேன்."

பூட்டினான்.