படுத்துக்கிடந்த வண்டி

"ஒரு வண்டிக்காக எம் புருஷன் கொலை பண்ணிட்டான்னு சொல்றாங்க, எஜே. அந்த வண்டி எங்களைக் கொன்னுட்டிருந்தது நிஜம். ஆனா ஷெராலி யாரையும் கொல்லலை."

புருலாய் தேநீர்க் கிண்ணத்தைத் தொடவேயில்லை. அவள் எஜே, அதாவது அக்கா, என்று அழைத்த சைரா எதிரே இருந்தார். பிஷ்கெக் போலீசில் பல வருடம் விபத்து வண்டிகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். இப்போது வக்கீல்களுக்காக அதே வேலையைச் செய்கிறார். பயிற்சி வக்கீலான எர்மெக் ஜன்னலோரம் நின்றிருந்தான். கீழே புருலாயைக் கொண்டுவந்து விட்ட அவள் தம்பி மைரம்பெக், தன் ஜப்பான் காரில் காத்திருந்தான். ஊரில் பாதி வண்டிகளைப் போல அதற்கும் ஸ்டியரிங் வலப்பக்கம். வலது ஜன்னலை இறக்கி சிகரெட் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வண்டியைப் பத்திச் சொல்லும்மா" என்றார் சைரா.

"பெரிய ஜெர்மன் ஜீப். எட்டு சிலிண்டர். புதுசுல அரண்மனை விலையாம், எங்களுக்குக் குதிரை லாயத்து விலைக்குக் கிடைச்சுது. தம்பியும் அவன் கூட்டாளி குபத்தும்தான் சந்தையில வித்தாங்க. 'ஒரு சாவிதான் இருக்கு, இன்னொண்ணு தொலைஞ்சுபோச்சு'ன்னாங்க. முதல் மாசம் தண்ணிக் குழாய் விரிஞ்சுது. அப்புறம் பிரேக் தட்டு. அதுக்கு ரெண்டு குதிரையை வித்தோம். பெட்ரோலைக் குடிக்கிற குடிக்கு நாங்க கறி வாங்குறதை விட்டோம். போன வாரம் பனி இறங்கினதும் முன்பக்கக் காத்துப் பை கிழிஞ்சு, ராத்திரியில படுத்துக்க ஆரம்பிச்சுது."

"படுத்துக்கிச்சா?" என்றான் எர்மெக்.

சைராவின் முகம் மலர்ந்தது. இப்படிப்பட்ட கேள்வியை அவர் விடமாட்டார். "அந்த வண்டிக்குச் சுருள் கம்பி கிடையாதுப்பா. ரப்பர் பைக்குள்ள அடைச்ச காத்து மேலதான் நிக்கும். குளிர்ல ரப்பர் வெடிச்சா காத்து மெல்ல கசியும், வண்டி வயித்தைத் தரையில வச்சிடும். எஞ்சினைப் போட்டா பம்பு ஓடி மறுபடி தூக்கும். அதுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் காத்திருக்கணும்."

மெக்கானிக் ஸ்தெபானின் பட்டறையில் வண்டியை விட்டிருந்தார்கள். மறுநாள் எஞ்சினைப் பிரிப்பதாக இருந்தது. அன்று மாலை ஷெராலி சந்தையில் எல்லோர் முன்னாலும் குபத்தைப் பார்த்து, "இதே வண்டியை உம் மேல ஏத்துறேன் பாரு" என்று கத்தியிருந்தான். விடிந்தபோது பட்டறைக்குப் பின்சந்தில், சரக்குப் பெட்டகத்தின் இரும்புச் சுவரோடு நசுங்கிக் கிடந்தான் குபத். வண்டி பட்டறை முற்றத்திலேயே நின்றது, முன் பம்பரில் ரத்தத்தோடு. ஒரே சாவி ஷெராலியின் சட்டைப் பையில் இருந்தது.

"விசாரணை முடிஞ்சா பதினஞ்சு வருஷமாவது போட்டுடுவாங்க" என்றாள் புருலாய். "சிறையில அவர் தாங்கமாட்டார், எஜே. நுரையீரல் சரியில்லை."

*

ஸ்தெபானின் முற்றம் பனியில் விறைத்திருந்தது. சீல் வைத்த வண்டி முன்மூக்கைத் தரையில் பதித்துக் கிடந்தது. காவலுக்கு நின்ற அதிகாரி கைகளை ஊதிக்கொண்டார்.

சைரா முதலில் போன இடம் வண்டி அல்ல, கேட். சறுக்குக் கேட்டின் இரும்புத் தண்டவாளம் தரையிலிருந்து சற்று எழும்பியிருந்தது. அதில் புதிதாய் ஒரு கீறல். கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் வெளிப்பக்கத்தில் சிதறிக் கிடந்தன.

"போகும்போது இடிச்சிருக்கு" என்றான் எர்மெக் ஆர்வமாய். "வரும்போது இடிக்கலை!"

"ஏன்?"

"வரும்போது... எழும்பியிருந்தது. போகும்போது படுத்திருந்தது. கிளப்பினவன் காத்திருக்கலை!"

"ஸ்தெபான், நீங்க இப்படிக் கிளப்புவீங்களா?"

மெக்கானிக் எண்ணெய்த் துணியால் மூக்கைத் துடைத்தார். "எனக்கென்ன பைத்தியமா? அடியில இருக்கிற பிளாஸ்டிக்கெல்லாம் பிச்சுக்கும். ஷெராலி அதுக்கு மேல. வண்டி எழுந்திருக்கிற வரைக்கும் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டே நிப்பான். ஒவ்வொரு துண்டும் என்ன விலைன்னு அவனுக்குத் தெரியும்."

"எஞ்சினை ஏன் பிரிக்கப் பார்த்தீங்க?"

"குளிர்ல கிளப்பினா டக் டக்குன்னு தட்டும். சூடானா நின்னுடும். சிலிண்டர் சுவர் கீறிப்போனா அப்படித்தான். விக்கிறவன் முன்னாடியே சூடு பண்ணி வச்சிட்டா வாங்குறவனுக்குக் கேக்காது. இந்தக் குளிர்ல எல்லாருமே சூடு பண்ணித்தான வைக்கிறோம், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பிரிச்சிருந்தா குட்டு வெளிப்பட்டிருக்கும்."

சைரா முன்கண்ணாடியருகே குனிந்தார். உறைபனி மூடியிருந்தது. இடப்பக்கம், இந்த வண்டியில் ஸ்டியரிங் இருக்கும் பக்கம், ஓட்டுநர் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அளவுக்கு யாரோ அட்டையால் சுரண்டிய ஓட்டை. அதன் மேல் குறுக்காக, துடைப்பான்கள் பனியைப் பிறாண்டிய இரண்டு வளைவுகள். ரப்பர் பிய்ந்து தொங்கியது.

"பனி மேல துடைப்பானைப் போடுறவன் முட்டாள்" என்றான் எர்மெக்.

"முட்டாள் இல்லை. கையால சுரண்ட நேரம் எடுத்திருக்கான், பனியைப் பத்தித் தெரிஞ்சவன். அப்ப ஏன் துடைப்பானைப் போட்டான்?"

எர்மெக் குனிந்து அந்த வளைவுகளைப் பார்த்தான்.

"வேற எதையோ போடப் பார்த்தான்" என்றார் சைரா.

*

மறுநாள் நண்பகலில் சைரா எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். புருலாயைத் தம்பிதான் கூட்டிவந்தான். அதிகாரி கண்ணாடியைப் படமெடுத்துக்கொண்டு பனியைச் சுரண்டிவிட்டு, போலீசிடம் இருந்த சாவியை நீட்டினார். வண்டியை நீதிமன்ற வண்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோக லாரி வெளியே இடப்பக்கம் நிற்கிறதாம்.

முதலில் ஸ்தெபான் ஏறினார். எஞ்சின் டக் டக்கென்று தட்டியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி முனகியபடி மெல்ல எழுந்தது.

"போதும், இறங்குங்க. மைரம்பெக், நீங்க வெளிய கொண்டுபோங்க."

"நானா? இந்த ஒட்டகத்தை நான் தொட்டதேயில்லை, எஜே. வித்தது குபத். நான் காகித வேலைதான்."

"விக்கிறவன் வண்டியைத் தொடலையா? வேடிக்கைதான்!" என்று சிரித்தார் ஸ்தெபான். "பயமா இருந்தா சொல்லு, நான் தள்ளிவிடுறேன்."

மைரம்பெக் ஏறினான். வண்டி நகர்ந்தது. கேட்டை நெருங்கியது.

"இடப்பக்கம் திரும்புங்க" என்றார் சைரா.

க்ரீச்சென்றது. பிய்ந்த துடைப்பான்கள் காய்ந்த கண்ணாடியில் ஒரு முறை ஏறி இறங்கின.

மைரம்பெக்கின் வலது கை ஸ்டியரிங்குக்கு வலப்புறம் இருந்த கம்பியிலேயே நின்றது.

"ஜப்பான் வண்டியில இண்டிகேட்டர் வலது கையில இருக்கும்" என்றார் சைரா மெதுவாக. "இந்த வண்டியில அதே இடத்துல துடைப்பான். ஷெராலி லாரி ஓட்டினவன், ஸ்தெபான் ஓட்டுறது பழைய ருஷ்ய வண்டி. ரெண்டு பேருக்கும் இடது கைதான் போகும்."

"திருட்டுத்தனமா வண்டியை எடுத்தவன் இண்டிகேட்டர் போடுவானா?" என்று அதிகாரி இடைமறித்தார்.

"அவன் போடலை. கை போட்டுது."

"ஊர்ல பாதிப் பேரு ஜப்பான் வண்டிதான ஓட்டுறாங்க?"

"வண்டி இங்க நிக்குது, நாளைக்கு எஞ்சினைப் பிரிக்கப்போறாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? தொலைஞ்சுபோன இன்னொரு சாவி எத்தனை பேருகிட்ட இருக்க முடியும்? தெரிஞ்சவங்கள்ல வண்டி படுத்துக்கும்னு தெரியாதவன் ஒருத்தன்தான். பனி இறங்கினப்புறம் அவன் இதை ஓட்டினதில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர."

மைரம்பெக் இறங்கினான். அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"எரிச்சுடலாம்னுதான் எடுத்தேன். பிரிச்சா எஞ்சின் செத்துப்போனது தெரிஞ்சுடும். தெரிஞ்சே என் சொந்த அக்கா தலையில கட்டினேன்னு ஊரே துப்பும். குபத்துக்கு மனசு மாறிடுச்சு, 'ஷெராலிகிட்ட எல்லாத்தையும் சொல்றேன்'ன்னான். சந்துல வண்டிக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டான். ஒதுங்குடான்னேன். கொஞ்சந்தான் மிதிச்சேன், எஜே. என் வண்டி அந்த மிதிக்கு நகரக்கூடச் செய்யாது. இது பாய்ஞ்சிடுச்சு."

"அது விபத்தாவே இருக்கட்டும்" என்றாள் புருலாய். "அப்புறம் வண்டியைத் திரும்ப இங்க கொண்டுவந்து நிறுத்தினியே, அது?"

அவன் காலால் பனியைக் கீறினான்.

"தினமும் என்னைச் சிறைவாசல்ல கொண்டுபோய் விட்டியே. அவர் இருமுறதைச் சொல்லி உன் வண்டியில உக்காந்து அழுதேனே. அப்பவும் ஓட்டிட்டுத்தான இருந்தே?"

அதிகாரி விலங்கை எடுத்தார். மைரம்பெக் கைகளைத் தானே நீட்டினான். "எஜே, அம்மாகிட்ட மட்டும் நீ சொல்லாதே. வேற யாராவது சொல்லட்டும்."

எர்மெக் சைராவைப் பார்த்தான். கண்டுபிடித்த மகிழ்ச்சி அவனுக்குள் எங்கோ வற்றிப்போயிருந்தது. சைரா தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற யாரு இருக்கா?" என்றாள் புருலாய். "ஒருத்தர் உள்ள. ஒருத்தன் மண்ணுக்குள்ள. ஒருத்தனை இப்பக் கொண்டுபோறாங்க." தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தம்பியின் காரைக் கடந்து, அம்மா வீட்டுக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க நடந்தாள்.