தையலுக்கு விடாத கால் அங்குலம்

மாட்டி இரண்டு மாதமாகியும் அந்தப் படம் காயவில்லை.

பனியன் கம்பெனியின் சாம்பிள் அறைக்குள் மதிய வெயில் ஏற ஏற, கேன்வாஸிலிருந்து கழுவாத பால் புட்டியும் வியர்த்த தலைமுடியும் கலந்த ஒரு புளித்த நாற்றம் கசிந்து, அயர்ன் பெட்டியின் ஆவியோடு சேர்ந்து அன்புசெல்வியின் தொண்டைக்குள் கொழகொழவென்று இறங்கியது. நடுவில் முகமில்லாத ஒரு குழந்தை. சுற்றிலும் சதை நிறத்தில், கோணல்மாணலாகப் பதினொரு வடிவங்கள். பள்ளி விடுமுறை என்று கூட வந்திருந்த ஐந்து வயது மகள் கவிப்பிரியாவை அதன் பக்கம் அண்டவிடாமல், மேசையின் மறுகோடியில் உட்கார வைத்திருந்தாள்.

"நாலு மணிக்கு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர் வராங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றதுங்க, அன்புக்கா?" என்றார் முதலாளி பிரபாகர். "வரைஞ்சவரு வாயே தொறக்கலையே."

"இதுல அர்த்தம் என்னங்க சார், இது துணி வெட்டற பேட்டர்னுங்க. அதா பாருங்க. முன்பக்கம், முதுகு, கை."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் பனியன்தானுங்களா!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பதினெட்டு வருடமாக, துணி வெட்ட அளவு அட்டை வரைந்த கை. சும்மா இருக்கவில்லை. தாளை வைத்து வடிவங்களை நகலெடுத்து வெட்டினாள். பென்சில் அழுந்திய இடமெல்லாம் படம் மெத்தென்று அமுங்கியது. விரலில் பிசுபிசுப்பு. துடைத்தாள், போகவில்லை.

எந்தத் துண்டிலும் தையலுக்கு விடும் கால் அங்குலம் இல்லை. உடுப்பு என்றால் அது இல்லாமல் தைக்க முடியாது. அப்படியானால் இது?

ஐந்து வயது அளவுதான். சந்தேகம் வந்தால் எந்த பேட்டர்ன் மாஸ்டரும் ஆள்மேல் வைத்துப் பார்ப்பார். வெறும் தாள்தானே.

"கையைக் காட்டு கண்ணு."

கைத்துண்டுத் தாள் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றி உட்கார்ந்தது. மயிரிழை பிசகவில்லை.

"ஜில்லுன்னு இருக்குதும்மா."

இழுத்தாள். வரவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். பாலாடை போல வழுவழுவென்று உரிந்து வந்தது. ரத்தம் இல்லை. அழுகை இல்லை.

தாள் சூடாக இருந்தது.

அதன்மேல் பூனை முடி. முழங்கை மடிப்பு. தடுப்பூசித் தழும்பு. அவள் பிடியில் அது புல்லரித்தது.

வாயைப் பொத்தினாள்.

மகளின் தோளுக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ். உருண்டையாக. இழை இழையாக. ஈரமாக.

கவிப்பிரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறு கையை நீட்டினாள்.

"இதுக்கும் வைம்மா. இது அரிக்குது."